வேருக்குள் இருந்த பிள்ளை

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை எலுனெட் தன் செடி நர்சரியில் உடைந்த கண்ணாடிகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது மேட்டுப் பாதையில் மெய்ரிக் கைத்தடி ஊன்றி ஏறி வருவது தெரிந்தது. லானெலரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் காலமெல்லாம் குழி வெட்டிய மனிதர். எண்பதை நெருங்கிவிட்டார். முழங்கால் இரண்டும் தேய்ந்து, வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம்.

“சொல்லி அனுப்பியிருந்தா கெதின் வண்டி எடுத்துட்டு வந்திருப்பானே” என்று மகனைச் சொன்னாள்.

“கெதின் வீட்ல இருக்கானா?”

“கொட்டகைத் தகரத்தைத் தேடிப் போயிருக்கான். யார் வயல்ல பறந்து கிடக்கோ.”

“அதுவும் நல்லதுதான்” என்று சொல்லி மெய்ரிக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டில் நிற்பதைப்போல நின்றார். “கோயில் யூ மரம் விழுந்துடுச்சு.”

அது இலை உதிராமல் ஆயிரம் வருஷம்கூட நிற்கும் ஊசியிலை மரம். எலுனெட் பிறந்ததிலிருந்து பார்த்தது. தேவாலயம் கட்டுவதற்கு முன்பே நின்ற மரம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அடிமரம் உள்ளே கூடாகி, மழை வந்தால் சவ ஊர்வலத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் ஒதுங்கி நிற்பார்கள்.

“எந்தப் பக்கமா சாஞ்சிருக்கு?”

“ஆத்துப் பக்கமா. வேரோட பேத்துக்கிட்டு.” அவர் தொப்பியின் விளிம்பைத் திருகினார். “பொண்ணே, அதைச் சொல்ல மட்டும் நான் இவ்வளவு தூரம் ஏறி வரல. உன் முதல் பிள்ளை அந்த மரத்தடியிலதான் இருக்கு. நானும் உன் புருஷனும்தான் வச்சோம். இப்ப வேரோட மேல வந்திருக்கும். ஊர்க்காரங்க யாராச்சும் பாத்து, அது உன் காதுல விழறதுக்குள்ள நானே சொல்லிடணும்னு வந்தேன்.”

எலுனெட் கையிலிருந்த கண்ணாடித் துண்டை மெதுவாக வாளிக்குள் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள்.

“பொண்ணா, பையனா?” என்றாள்.

மெய்ரிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். “அதுகூடவா உங்கிட்ட சொல்லல?”

“யாரும் சொல்லல.”

“பொண்ணு” என்றார் மெய்ரிக்.

அது முப்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய கதை. எலுனெட்டும் இத்வாலும் கல்யாணமாகி மறுவருஷம். வலி கண்டதும் பக்கத்து ஊர்ச் சிறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தாதி கதவைத் தாண்டிப் போன வெள்ளை முதுகுதான் எலுனெட்டுக்கு ஞாபகம். காட்டுங்கள் என்று கேட்டாள். பார்த்தால் மறக்க முடியாது, வேண்டாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகு இத்வாலைக் கேட்டாள். “ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் அதே பதில். பிறகு கெதின் பிறந்தான். நர்சரி பெருகியது. இத்வால் இறந்தும் எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரித்திருப்பார்கள் என்றே இத்தனை காலமும் அவள் நினைத்திருந்தாள். புகைபோக்கி எதையாவது பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

“அந்த ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு அட்டைப் பெட்டியில வச்சு அவன் கையில குடுத்துட்டாங்க” என்று மெய்ரிக் சொன்னார். “பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டே வந்திருக்கான். நேரா எங்கிட்ட வந்தான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அப்ப இருந்த பாதிரியார் இடம் குடுக்க மாட்டார்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.”

“கேட்டீங்களா அவரை?”

“கேக்கல. கேட்டா அவரு இல்லன்னு சொல்லணும். சொன்னப்புறம் நாங்க செஞ்சா திருட்டு. கேக்காம செஞ்சா, அது எங்க வேலை.” மெய்ரிக் பெருமூச்சு விட்டார். “நாத்து அனுப்புவீங்களே பலகைப் பெட்டி, அதுல ஒண்ணு கொண்டு வந்தான். அட்டைப் பெட்டியில வைக்க மனசு வரல அவனுக்கு. பொழுது சாயற நேரம். மரத்தடியில வேர் இருக்கும்னு வேற யாரும் குழி கேக்க மாட்டாங்க, யாரும் தொட மாட்டாங்கன்னு அங்க வச்சோம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் கேட்டேன். இப்பத்தான் அவ சாப்பிட ஆரம்பிச்சிருக்கா, கொஞ்ச நாள் போகட்டும்னான். கெதின் பொறந்தப்ப மறுபடியும் கேட்டேன். இப்ப சொன்னா இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்லன்னான். அப்புறம் நானும் விட்டுட்டேன்.”

எலுனெட் வாளியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். உள்ளே போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மெய்ரிக்குக்குக் கை கொடுத்து வண்டியில் ஏற்றினாள்.

தேவாலயத்தின் கல்வேலியை மரம் இரண்டாகப் பிளந்துகொண்டு படுத்திருந்தது. ஊரில் பாதி அங்கே நின்றது. வேரோடு பெயர்ந்த மண் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது, ஆள் உயரத்துக்கும் மேலே. ஒடிந்த கிளைகளின் உள்பக்கம் பச்சை இறைச்சியின் நிறத்தில் இருந்தது. வேர்களுக்கு இடையே பழைய காலத்து எலும்புகள் தெரிந்தன. ஒரு மண்டையோட்டை ஒரு வேர் கைக்குள் வைத்திருப்பதுபோலப் பிடித்திருந்தது. ஜனங்கள் சத்தம் போடாமல் பேசினார்கள்.

பாதிரியார் கோரன்வி அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெற்கே துறைமுகப் பட்டணத்தில் வளர்ந்தவர். “சபை மேலிடத்துக்குப் பேசிட்டேன்” என்றார். “அறுத்து அப்புறப்படுத்தச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை ஆளு வருது.”

“அறுக்க வேண்டாம்” என்றாள் எலுனெட். “அடிமரத்தை அறுத்தீங்கன்னா பாரம் போன வேரு படக்குனு பழைய இடத்துலயே போய் உக்காந்துரும். குழிக்குள்ள யாராச்சும் நின்னா அவ்வளவுதான். ஆத்துப் பக்கத்து வேரு இன்னும் அறுந்துபோகல, பாருங்க. கிளையைக் கழிச்சுட்டு நிமித்தி நிறுத்திப் பாக்கலாம்.”

“இவ்வளவு பெரிய மரம் மறுபடி பிடிக்குமா?”

“பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். வேரு காயாம இருக்கணும். இந்த நிமிஷத்துலருந்து ஈரச்சாக்கு போட்டு மூடணும்.”

மாட்டுப்பண்ணைக்காரர் டெக்வின் தன் டிராக்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். ஊரில் கனமானதைச் சங்கிலியால் இழுக்கும் சக்கரம் பூட்டிய வண்டி அவரிடம்தான் இருந்தது. “என் பசு ரெண்டு இதோட விஷத் தழையைத் தின்னுதான் செத்துச்சு” என்றார். “விழுந்து தொலைஞ்சுதுன்னு சந்தோஷப்படலாம்னா, இப்ப நானே தூக்கி நிறுத்தணுமா?”

“வேலியை ஒழுங்கா அடைச்சிருந்தா உங்க பசு இன்னும் இருந்திருக்கும்.”

“நர்சரிக்காரி வாயி” என்று டெக்வின் முணுமுணுத்தார். ஆனாலும் சங்கிலியை எடுக்கப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மெய்ரிக் அவளைக் குழியின் மேற்குப் பக்கமாகக் கூட்டிப் போனார். ஒரு காலத்தில் முழங்கால் ஆழத்தில் வைத்தது, இப்போது எலுனெட்டின் கண்ணுக்கு நேரே உயர்ந்து நின்றது. முதலில் அவளுக்கு ஒன்றும் புலப்படவில்லை. மண், கல், செந்நிற வேர்கள். பிறகு கறுத்துப் போன பலகையின் விளிம்பு ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் நுழைந்து, உள்ளே போய் மயிர் மயிராகப் பிரிந்திருந்தது.

எலுனெட் கையுறை இல்லாத கையை அந்த வேரின்மேல் வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. ஜில்லென்று இருந்தது. நடவு வேலையில் ஆயிரம் முறை தொட்ட யூ வேர்தான். 

பாதிரியார் திரும்பி வந்தபோது அவள் அப்படியே நின்றிருந்தாள். மெய்ரிக் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். கொட்டகைத் தகரத்தைத் தேடப் போன கெதினும் செய்தி கேட்டு அங்கே வந்திருந்தான். அவனும் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டான்.

பாதிரியார் குழியின் விளிம்புக்கு வந்து நின்றார். “அப்ப இருந்தவங்க செஞ்சதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. இப்ப செய்ய முடிஞ்சதைச் செய்யறேன். ஜாக்கிரதையா எடுத்து, நல்ல பெட்டி செஞ்சு, முறையா அடக்கம் பண்ணலாம். இத்வால் பக்கத்துலயே வைக்கலாம்.”

“எடுக்கறதுன்னா வேரை வெட்டணும்” என்றாள் எலுனெட்.

“வெட்டினா?”

“எது அவ, எது வேருன்னு யார் பிரிப்பா?” அவள் அந்தப் பலகை விளிம்பைக் காட்டினாள். “முப்பது வருஷமா இது அவளைப் பிடிச்சு வச்சிருக்கு. நான் வச்சிருந்ததைவிட அதிக நாள். நான் எடுக்க மாட்டேன். எனக்காக நீங்க அந்த ஜெபத்தை மட்டும், விட்டுப்போனது ஒண்ணு விடாம, முழுசாச் சொல்லுங்க. அப்புறம் மரத்தை நிமித்துங்க.”

கெதின் தாயின் பக்கத்தில் வந்து நின்றான். முப்பது வயது ஆண்மகன், என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா” என்றான். “பேர் வச்சிருந்தியாம்மா?”

“மெரெரிட்” என்றாள். “பொண்ணா இருந்தா வைக்கணும்னு மனசுக்குள்ள வச்சிருந்தேன். உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது.”

மேலிடம் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க எலுனெட்டும் கெதினும் வேருக்கு ஈரச்சாக்கு போட்டார்கள். மெய்ரிக் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய எலும்புகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்தார். மேற்குப் பக்கத்தை யாரும் தொடவில்லை.

கழித்த கிளைகளிலிருந்து எலுனெட் நடவுக்குக் கொழுந்துகள் எடுத்தாள். கத்தியால் வெட்டாமல், தாய்க்கிளையின் பட்டை கொஞ்சம் வாலாகத் தொங்கும்படி கீழ்நோக்கிக் கிழித்தாள். பக்கத்துக் கிளைகளை விட்டுவிட்டு உச்சிக்குப் போய்ப் போய் எடுப்பதைப் பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கேயே கைக்கெட்டுற தூரத்துல இவ்வளவு இருக்கே?”

“பக்கக் கிளையில எடுத்தா ஆயுசுக்கும் பக்கவாட்டுலதான் படரும். மரமா நிமிராது. நட்டுக்குத்தா நின்ன கொழுந்துதான் நட்டுக்குத்தா வளரும்.”

“விதை போட்டா?”

“சிவப்புப் பழத்தைக் குருவி தின்னு கொட்டையைத் துப்பும். அது மண்ணுல ரெண்டு குளிர்காலம் தூங்கும். அப்புறமும் முளைக்கும்னு நிச்சயம் இல்ல. முளைச்சாலும் அது வேற மரம். கொழுந்துல வளர்ந்தாத்தான் இதே மரம்.”

வீட்டில் மணலும் மக்கிய இலைமண்ணும் கலந்து, கண்ணாடி மூடி உடையாத நாற்றுப் பெட்டி ஒன்றில் அவற்றை ஊன்றினாள். வெயில் படாத வடக்குச் சுவரோரம் வைத்தாள். தண்ணீர் தேங்கினால் யூ அழுகிவிடும். அதனால் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிக் கல் வைத்தாள். வேலை இருக்கும்வரை அழுகை வரவில்லை. முடிந்ததும் மண்கையோடு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கெதின் கதவுவரை வந்து, தாயைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனான்.

மரத்தை நிமிர்த்திய நாளில் ஊரே வந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்கள் தேநீரும் திராட்சை ரொட்டியும் வைத்திருந்தார்கள். முதலில் பாதிரியார் குழியின் விளிம்பில் நின்று அடக்க ஜெபத்தை முழுதும் வாசித்தார். மெரெரிட், எலுனெட்டுக்கும் இத்வாலுக்கும் மகள் என்று சொல்லி வாசித்தார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டெக்வினும் கழற்றினார். எலுனெட் ஒரு பிடி மண்ணை எடுத்து, குழிக்குள் போடாமல், நிமிர்ந்து நின்ற வேரின்மேல் அப்பினாள்.

பிறகு சங்கிலி இறுகியது. மரம் முனகியது. ஒரு சாண், இரண்டு சாண். ஒரு தடவை சங்கிலி வழுக்கி எல்லோரும் பின்வாங்கினார்கள். “நான் சொன்னேனே, இது என்னைப் பழி வாங்கத்தான் நிக்குது” என்று டெக்வின் வண்டியிலிருந்து கத்த, கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எலுனெட்டும் லேசாகச் சிரித்தாள். சிரித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பொழுது சாயும் முன் மரம் தன் இடத்தில் உட்கார்ந்தது. மொட்டையாக, பாதிக் கிளையில்லாமல், நான்கு பக்கமும் கம்பி கட்டி நின்றது. மண்ணை மிதித்து இறுக்கினார்கள். புது வேர் கருகிவிடும் என்று, யாரையும் உரம் போடவிடாமல் எலுனெட் காவல் நின்றாள்.

அந்தக் கோடையில் அவள் தினமும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். போகும் வழியில்தான் இத்வாலின் கல்லறை. முன்பெல்லாம் வாரம் தவறாமல் பூ வைப்பாள். இப்போது வாளியோடு தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மெய்ரிக் அதைக் கவனித்திருந்தார். “அவன்மேல கோவமா?”

“செத்தவன்மேல கோவிச்சு என்ன ஆகப்போகுது?” என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். “ஆனா இருக்கு, மெய்ரிக். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தாருன்னு சொன்னீங்களே, அந்த ஒரு மணி நேரம் அவருக்குக் கிடைச்சுது. எனக்கு அதுகூடக் கிடைக்கல.”

மெய்ரிக் கைத்தடியை ஊன்றி அவளோடு மரம்வரை நடந்தார்.

செய்தி அதற்குள் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருந்தது. இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள், மலைக்கு அந்தப்புறத்துப் பண்ணையிலிருந்து எழுபது வயதுக்காரி ஒருத்தி நர்சரிக்கு வந்தாள். வேலிச் செடி பார்க்க வந்ததாகச் சொன்னாள். வெகுநேரம் செடிகளைப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு இருந்துச்சு” என்றாள். “பையன். எங்க வச்சாங்கன்னு தெரியாது. அந்தக் குழிவெட்டிகிட்டக் கேட்டா சொல்லுவாரா?”

எலுனெட் அவளை வண்டியில் ஏற்றி மெய்ரிக் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மெய்ரிக் அவள் முகத்தைப் பார்த்தார். எந்தப் பண்ணை, எந்த வருஷம் என்று கேட்டார். எழுந்து கைத்தடியை எடுத்தார். கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில், வேலியோரம் ஒரு இடத்தைத் தடியால் தொட்டுக் காட்டினார். “உங்க மாமனார்தான் கொண்டுவந்தார். போர்வையில சுத்தி.” அந்தக் கிழவி அந்தப் புல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் கணவனோடு, சிலர் கணவனுக்குத் தெரியாமல். மெய்ரிக் எல்லாரையும் நினைவில் வைத்திருந்தார். யாருக்கும் சொல்லாமல் சுமந்த பாரம், இடம் காட்டக் காட்ட இறங்கியது. முழங்கால் வலியைப் பற்றி அவர் பேசுவதையே விட்டுவிட்டார். இடம் தெரிந்துகொண்ட ஒவ்வொருத்திக்கும் எலுனெட் தன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வேர் பிடித்த ஒரு கொழுந்தைத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்தாள். “மெதுவா வளரும். அவசரப்படாதீங்க. தண்ணி தேங்க விடாதீங்க, ஆடு மாடு எட்டாத இடத்துல நடுங்க” என்று சொல்லிக் கொடுப்பாள். அதற்குமேல் ஒன்றும் பேசுவதில்லை.

இத்வாலின் கல்லில் மகளின் பெயரையும் வெட்டச் சொன்னது அடுத்த வசந்தத்தில். கல்தச்சன் பழைய எழுத்துக்குக் கீழே மெரெரிட் என்று வெட்டி முடித்தபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். கல்தூளை உள்ளங்கையால் துடைத்தாள். “மடியில வச்சுக்கிட்டு வந்தீங்களே, எப்படி இருந்தா?” என்று இத்வாலைக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

மரம் முழுதாகப் பிழைக்கவில்லை. மூன்றாம் வருஷம் வடக்குப் பாதி பழுத்துக் காய்ந்தது. அறுத்துவிட்டார்கள். ஆற்றுப் பக்கம் மட்டும் அடிமரத்திலிருந்து புதுத்தளிர் புடைத்து வந்தது. அந்த வருஷமே மெய்ரிக்கும் படுக்கையில் விழுந்தார்.

அவர் படுக்கையில் இருந்தபோதுதான் கடைசியாக ஒருத்தி வந்தாள். கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து வந்த அவள் பெயர் நெஸ்டா. மெய்ரிக் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டார். கண்ணை மூடி யோசித்தார். எலுனெட் கட்டில் பக்கத்தில் நின்று, எங்கேயாவது ஒரு இடத்தைச் சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் வேண்டினாள்.

“தெரியலம்மா” என்றார் மெய்ரிக். “எங்கிட்ட வரல. எங்க வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்.”

நெஸ்டா தலையை ஆட்டினாள். அவருடைய கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு வெளியே வந்து எலுனெட்டின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.  நர்சரி வந்ததும் எலுனெட் உள்ளே போய் ஒரு தொட்டியை எடுத்து வந்தாள்.

“இடம் தெரிஞ்சவங்களுக்குத்தானே குடுப்பீங்கன்னு சொன்னாங்க” என்றாள் நெஸ்டா.

“இதுக்கு எங்க வேணும்னாலும் வேர் பிடிக்கும்.”

நெஸ்டா தொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் மண்ணை அமுக்கிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல அடுப்படி ஜன்னலுக்கு நேரா கொஞ்சம் இடம் இருக்கு” என்றாள். “அங்க மத்தியானத்துக்கு மேல நிழல் வரும். போதுமா?”

“போதும்” என்று எலுனெட் சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.